படத்துக்குக் கீழே இரண்டு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேடந்தாங்கல் ஏரி நிரம்பி, நீர்க்கடம்பு மரங்களில் நாரைகள் இறங்கத் தொடங்கும் நவம்பர் மாதத்திலிருந்தே நாளிதழ்களின் வாசகர் பக்கங்களுக்கும் பறவைப் படங்கள் வரத் தொடங்கிவிடும். எடுத்தவர் பெயர், ஊர், கீழே "இரை தேடும் நாரை" என்று ஒரு வரி, அதோடு சரி. அந்த ஒரு வரியோடு நீங்கள் இன்னும் இரண்டு வரி எழுதிச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுத்தான் இந்தக் கடிதம். படம் எடுத்த இடத்தில் எது அமைந்தது, எது தவறியது என்று ஒரு வரி. கணினியில் திருத்தும்போது எது கூடிவந்தது, எது கெட்டது என்று இன்னொரு வரி.

இப்போது 500, 600 மி.மீ. வரை போகும் ஜூம் லென்ஸும், பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் கேமராவும் பலர் கையில் இருக்கின்றன. படங்கள் குவிகின்றன. அவற்றுக்குக் கிடைப்பதோ "அருமை", "சூப்பர்" என்ற சொற்கள்தாம். அவற்றால் அடுத்த படம் ஒரு மயிரளவும் மேம்படாது. "கண் தெளிவில்லை, முன்னால் நிற்கும் கோரை தெளிவாக இருக்கிறது, ஃபோகஸ் கோரையில் விழுந்துவிட்டது" என்று ஒருவர் சொன்னால், மறுநாள் காலையிலேயே அதைத் திருத்திக்கொள்ளலாம்.

தெளிவில்லாத படம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். தெளிவின்மையில் நான்கு வகை உண்டு, நான்குக்கும் மருந்து வேறு. படத்தில் வேறு ஏதாவது ஒன்று, புல்லோ பின்னால் இருக்கும் கிளையோ, தெளிவாக இருந்தால் அது ஃபோகஸ் பிழை. ஃபோகஸ் புள்ளியைச் சிறிதாக்க வேண்டும், அல்லது கண் தேடும் வசதியை அணைத்துவிட்டு ஒற்றைப் புள்ளியைப் பறவையின் கழுத்தில் வைக்க வேண்டும். படம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. 600 மி.மீ. லென்ஸை ஏ.பி.எஸ்.-சி என்னும் சிறிய சென்சார் கேமராவில் மாட்டினால் அது ஏறத்தாழ 900 மி.மீ.க்குச் சமம். அதிர்வைத் தாங்கும் வசதி இருந்தாலும் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்கு 1/1000 நொடியை அடிப்படையாக வைத்துக்கொள்வது நல்லது. கண் தெளிவாக இருந்து இறக்கை நுனி மட்டும் கரைந்திருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. நிதானமாகச் சிறகடிக்கும் சங்குவளை நாரைக்கு 1/1600 நொடி போதும். பஞ்சுருட்டானுக்கும், நீரில் பாயும் மீன்கொத்திக்கும் 1/3200 நொடியாவது வேண்டும். நாரைக்கு வைத்த வேகத்திலேயே பஞ்சுருட்டானையும் எடுத்துவிட்டு, லென்ஸ் சரியில்லை என்று விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நான்காவது வகையைத்தான் பெரும்பாலோர் அடையாளம் காண்பதில்லை. அது வெப்பக் காற்றின் அலைவு. தொடர்ச்சியாக எடுத்த இருபது படங்களில் இரண்டு மூன்று தெளிவாகவும், மற்றவை ஓரங்கள் நெளிந்து கொழகொழவென்றும் இருக்கும். நெளிந்த படங்களில் எந்த இடமும் தெளிவாக இராது. மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடி உப்பளங்களில் வெயில் ஏறி ஒன்பது மணி ஆகிவிட்டால் 100 மீட்டருக்கு அப்பால் நிற்கும் பூநாரைக்கு இந்தக் கதிதான். எவ்வளவு விலையுள்ள லென்ஸும் உதவாது. லென்ஸ் நீளம் கூடக் கூட இடையில் இருக்கும் காற்றின் அலைவும் பெரிதாகித் தெரியுமே ஒழிய குறையாது. விடியலில் போவது, நேரம் ஆனபின் பக்கத்தில் இருக்கும் பறவையை மட்டும் எடுப்பது, இந்த இரண்டைத் தவிர வழியில்லை. காரின் ஏசியைப் போட்டுக்கொண்டு ஜன்னலை இறக்கி எடுக்கிறவர்களுக்கும் இதே கோளாறு வரும். குளிர்காற்றும் வெளிச்சூடும் லென்ஸின் வாயிலேயே கலக்கின்றன. இப்படிக் கெட்ட படத்தைக் கணினியில் கூர்மையாக்க முயன்றால் நெளிவுதான் கூர்மையாகும். படத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்பவர் "இன்னும் கொஞ்சம் ஷார்ப்பன் பண்ணுங்கள்" என்று சொல்லும் முன் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். நம் நீர்நிலைகளில் பாதிப் பறவைகள் வெள்ளை: நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், கொக்கு வகைகள். காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பது கேமராவின் ஒளியளவியின் இயல்பு. கரும்பச்சை மரத்தின் முன்னால் சிறிதாக நிற்கும் வெள்ளைக் கொக்கை எடுத்தால், இருட்டான மரத்தைப் பார்த்து அது வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கின் இறகு வரிகள் அழிந்து சுண்ணாம்பு பூசினது போலாகிவிடும். அங்கே ஒளி ஈட்டை, அதாவது கேமரா கணித்த வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கும் அளவை, குறைக்க வேண்டும், மைனஸ் 0.7 முதல் மைனஸ் 1 வரை. அதே வெள்ளைப் பறவை பளபளக்கும் உப்பளத்தில், படம் முழுக்க நிறைந்து நின்றால் கேமரா எதிராக நடந்துகொள்ளும். வெள்ளை சாம்பலாகிவிடும், அங்கே பிளஸ் 0.7 தேவை. வானத்தில் பறக்கும் பறவைக்கு பிளஸ் 1, சில நேரம் அதற்கும் மேல். "வெள்ளைப் பறவைக்கு மைனஸ்" என்று ஒரே விதியாக மனப்பாடம் செய்துகொள்வதால் வரும் கேடு அதிகம். பின்னணியையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வெளிச்சம் மிகுந்த இடம் திரையில் மின்னிக் காட்டும் வசதியைப் போட்டுக்கொண்டு, கொக்கின் முதுகு மின்னாத வரை சரி. சென்சாரில் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால் அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரட்டிப்பது அல்லது பாதியாக்குவது) மீட்கலாம். கேமரா சுருக்கித் தரும் ஜேபெக்கில் போனது போனதுதான்.

எடுத்த இடத்துப் பிழைகளில் கணினி எட்டாத இன்னொன்று கோணம். கரையில் நின்றுகொண்டு கீழே தண்ணீரில் மேயும் உள்ளானை எடுத்தால், பின்னணி முழுக்கச் சேறாகவே இருக்கும். பறவையும் தரையில் ஒட்டிவைத்தது போலத் தெரியும். வயிறு தரையில் பட படுத்து, லென்ஸைப் பறவையின் கண் மட்டத்துக்கு இறக்கினால் அதே சேறு பின்னால் வெகுதூரம் விலகிக் கரைந்துவிடும். தலையின் திருப்பமும் அப்படித்தான். அலகு கேமராவை விட்டு அப்பால் ஐந்து பாகை திரும்பியிருந்தாலே படத்தில் உயிர் குறைந்துவிடும். பறவை தலையை இந்தப் பக்கம் திருப்பும் வரை காத்திருப்பது ஒன்றுதான் செய்யக்கூடியது.

இனி மேசைக்கு வருவோம். திருத்துவதில் வரிசை முக்கியம் என்பதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. முதலில் வெண்சமநிலையும் (வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்வது) ஒளி அளவும். பிறகு நாய்ஸ், அதாவது மணல் தூவியது போன்ற புள்ளிகளின் நீக்கம். அதற்குப் பின்தான் கூர்மை. நாய்ஸ் இருக்கும்போதே கூர்மையாக்கினால் மணல் மணலாக இருப்பதும் சேர்ந்து கூர்மையாகும், அப்புறம் அதை நீக்கப் போனால் இறகும் சேர்ந்து போகும். ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளியுணர்வு அளவு) 3200இல் எடுத்த படத்தில் பின்னணிக்கு மட்டும் நாய்ஸ் நீக்கத்தை நன்றாகக் கொடுத்து, பறவைக்குப் பாதி கொடுத்தால் போதும். செயற்கை நுண்ணறிவால் நாய்ஸ் நீக்கும் மென்பொருள்கள் இப்போது வந்துவிட்டன, நல்ல கருவிகள்தாம். ஆனால் பறவை படத்தில் மிகச் சிறியதாக இருந்தால் அவை இல்லாத இறகு வரிகளைத் தாமே வரைந்துவிடும். மார்பில் மீன் செதில் போல ஒரே அளவில் அடுக்கடுக்காக வரிகள் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். 100 விழுக்காட்டில் மூலப் படத்தையும் திருத்திய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கூர்மைக்கு லைட்ரூம் என்னும் படத் திருத்த மென்பொருளில் அளவு 40 முதல் 60, ஆரம் 1க்கு மேல் போகாமல், மாஸ்கிங் 60 முதல் 80. மாஸ்கிங்கை இழுக்கும்போது ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டால் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் மட்டும் கூர்மை ஏறும் என்பது புரியும். அலகும் கண்ணும் இறகின் ஓரமும் வெள்ளையாக, வானம் கறுப்பாக இருக்க வேண்டும். கூர்மை மிஞ்சிவிட்டதா என்று பார்க்க நீர்க்காகத்தின் கழுத்து போலக் கறுத்த ஓரம் வெளிர் வானத்தைத் தொடும் இடத்தை 200 விழுக்காட்டில் பார்க்கவும். ஓரத்தை ஒட்டி வெள்ளைக் கோடு ஓடினால் மிஞ்சிவிட்டது. நாளிதழ்களில் வெளியாகும் படங்களில் நான் அதிகம் பார்க்கும் குறை இந்த வெள்ளைக் கோடுதான்.

வானத்தை மட்டும் தேர்ந்தெடுத்து இருட்டாக்குவதும், வேறு வானத்தைப் பொருத்துவதும் இன்று ஒரு பொத்தானில் முடிகிற வேலை. அதைக் காட்டிக்கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. வளர்ந்த நத்தைக்குத்தி நாரையின் இரண்டு அலகுக்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கும், அதனால்தான் ஆங்கிலத்தில் அதற்கு ஓப்பன்பில், அதாவது திறந்த அலகு, என்று பெயர். மென்பொருள் அந்த இடுக்கைப் பெரும்பாலும் பறவையின் உடம்பாகவே எண்ணிவிடும். சுற்றிலும் புது வானம், அலகின் இடுக்கில் மட்டும் பழைய வானம்! விரிந்த இறக்கையின் விரல் போன்ற நுனி இறகுகளுக்கு நடுவிலும் இப்படித்தான். தண்ணீரில் நிற்கும் பறவை என்றால் மேலே மாற்றிய வானம் கீழே பிம்பத்தில் மாறியிராது.

நிறத்தைக் கூட்டுவது இதைவிடக் கவலைக்குரியது. பறவைகளை இனம் பிரிக்க நாம் நம்பியிருப்பது பல நேரங்களில் நிறத்தைத்தான். பவளக்காலி, பச்சைக்காலி என்று பெயரே காலின் நிறத்தால் வந்தது. சின்ன வெள்ளைக் கொக்குக்குக் கறுப்புக் காலும் மஞ்சள் விரலும். வெண்சமநிலையை மாலை வெயில் போலக் காட்ட வேண்டி மஞ்சள் பக்கம் தள்ளிவிட்டால், பச்சைக்காலியின் கால் எந்த நிறம் என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். பொங்கல் நாள்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் ஐயமான பதிவுகளுக்குப் படம்தான் சான்று. நிறம் மாற்றிய படம் அங்கே பயன்படாது. வெண்மார்பு மீன்கொத்தியின் முதுகு நீலத்தையும், சங்குவளை நாரையின் பின்பக்கத்து இளஞ்சிவப்பையும் செறிவூட்டினால் இன்னொன்றும் நடக்கும். ஒளியின் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் மொத்த ஒளி எல்லைக்குள் இருப்பது போலத் தெரிந்தாலும் நீலமோ சிவப்போ மட்டும் தனியாக எல்லையைத் தாண்டியிருக்கும். இறகு வரிகள் அழிந்து அந்த இடம் பெயின்ட் அடித்தது போல் ஆகும். செறிவைக் கூட்டுவதற்குப் பதில் அந்த நிறத்தின் ஒளிர்வை மட்டும் சற்றுக் குறைத்தால் நீலம் தானாகவே ஆழமாகத் தெரியும்.

படத்தை வெட்டும்போது ஒரு கணக்கு. 24 மெகாபிக்சல் கேமராவின் படம் 6000 × 4000. அகலத்திலும் உயரத்திலும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல். இரண்டிலும் கால் பங்காக வெட்டினால் 1500 × 1000தான். செய்தித்தாளில் எட்டு அங்குல அகலத்துக்கு அச்சிட ஏறத்தாழ 1600 பிக்சல் வேண்டும், அதற்குக்கூட அது எட்டாது. சாய்ந்த நீர்மட்டத்தை நிமிர்த்த, நீரில் நிற்கும் பறவையின் கண்ணையும் பிம்பத்தில் தெரியும் கண்ணையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். அந்தக் கோடு செங்குத்தாக இருக்க வேண்டும். அக்கரை வளைந்து கிடக்கும் ஏரியில் கரையை வைத்து நிமிர்த்துவதைவிட இது நம்பகமானது. பறவை பார்க்கும் பக்கம் இடம் விட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பிம்பத்தின் தலையைப் பாதியில் வெட்டாதீர்கள் என்று சொல்பவர் குறைவு. பிம்பம் முழுதாக இருக்கட்டும், இல்லையேல் காலோடு நின்றுவிடட்டும்.

குறுக்கே வந்த சுள்ளியை அழிக்கலாமா? வீட்டில் மாட்டும் படமென்றால் அவரவர் விருப்பம். நாளிதழில் வருவது செய்தி, அதில் இருந்ததை அழிப்பதும் இல்லாததைச் சேர்ப்பதும் கூடாது. கண்ணில் ஒளிப்பொட்டு இல்லாவிட்டால் வெள்ளைப் புள்ளி வைப்பதும் சேர்த்தல்தான். கண்ணைச் சற்று வெளிச்சமாக்கினால் உள்ளே இருக்கும் மங்கிய ஒளி தானே தெரியும், அதுவரை சரி. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் காட்டுயிர்ப் படப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களிடம் ரா கோப்பைக் கேட்டு வாங்கி ஒப்பிடுகிறார்கள். நாளிதழ்களும் தேர்வான படங்களுக்கு மட்டும் அப்படிக் கேட்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட முதலில் பார்க்க வேண்டிய குறை ஒன்று இருக்கிறது. கூட்டுக்கு அருகே எடுத்த படங்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வது சேர்ந்திருக்கிறது. ஆள்காட்டி தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். கோடை வெயிலில் தாயும் தந்தையும் மாறி மாறி முட்டைக்கு நிழல் கொடுக்கும், வயிற்று இறகை நீரில் நனைத்து வந்து குளிரவைக்கும். அருகே ஒருவர் கேமராவோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் பறவை வட்டமிட்டுக் கத்திக்கொண்டே இருக்கும், முட்டை வெந்துகொண்டிருக்கும். மரக்கூட்டின் முன்னால் இலையை ஒதுக்கினால் வெயிலும் காக்கையும் வல்லூறும் உள்ளே வர வழி திறந்துவிடுகிறது. படம் எடுத்து முடித்தவர் கிளையைப் பழையபடி கட்டிவைத்துவிட்டு வருவதில்லை.

இதைப் படத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். அலகில் புழுவோ தட்டானோ பிடித்தபடி, உடம்பை இறுக்கி, கேமராவையே பார்த்துக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவை, பெரும்பாலும் கூட்டுக்குள் போக முடியாமல் காத்திருக்கும் பறவை. அதற்குக் காரணம் எதிரே நிற்கும் நாம். "இரையுடன் மீன்கொத்தி" என்று பரிசு கொடுக்கப்படும் படங்களில் இப்படியும் சில இருக்கும். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைத்த ஆறுமணிக் குருவியும் அப்படி விறைத்துத்தான் நிற்கும். இத்தகைய படங்களை, எவ்வளவு தெளிவாக இருந்தாலும், வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று வெளியானால் அடுத்த வாரம் பத்துப் பேர் அதே மாதிரி எடுக்கப் போவார்கள்.

கருத்துக் கேட்பவர்களுக்கும் ஒரு சொல். திருத்திய படத்தை மட்டும் காட்டிக் கருத்துக் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். வெட்டாத, திருத்தாத மூலத்தைச் சிறிய அளவில் பக்கத்தில் வையுங்கள். ஷட்டர் வேகம், அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஐ.எஸ்.ஓ., லென்ஸ் நீளம், எடுத்த நேரம், பறவைக்கும் உங்களுக்கும் இடையில் இருந்த தூரம் ஆகியவற்றை எழுதுங்கள். தூரம் எழுதினால் கூட்டுக்கு அருகே போனீர்களா என்பதும் தெரிந்துவிடும். திருத்திய அன்றே அனுப்பாமல் இரண்டு நாள் கழித்து ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பினால் செறிவு மிஞ்சியது நமக்கே கண்ணில் படும். கணினித் திரையின் வெளிச்சத்தைக் குறைத்து, திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, அறை வெளிச்சத்தில் பக்கத்தில் பிடித்த வெள்ளைத்தாளோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். திரை அதிக வெளிச்சமாக இருப்பதால்தான் பலருடைய படங்கள் அச்சில் இருண்டுபோகின்றன.

கருத்துச் சொல்பவர் முதலில் படத்தை முழுதாகவும் பிறகு 100 விழுக்காட்டிலும் பார்க்க வேண்டும். "கொஞ்சம் இருட்டு" என்பதைவிட "பறவைக்கு மட்டும் அரை ஸ்டாப் கூட்டலாம், பின்னணியைத் தொட வேண்டாம்" என்பது உதவும். மூன்று பேர் மூன்று விதமான காரணம் சொன்னாலும் மூவரும் சுட்டுவது படத்தின் ஒரே மூலை என்றால் அந்த மூலையில் ஏதோ இருக்கிறது. பெரும்பாலும் அது ஒரு வெளிச்சத் திட்டு. அதைச் சற்று மங்கச் செய்தால் மூவரும் அடங்கிவிடுவார்கள்.

கடைசியாக உங்கள் பக்கத்துக்கு. செய்தித்தாள் காகிதத்தில் மை பரவும், நிழல் பகுதிகள் அடைத்துக்கொள்ளும். நீர்க்காகம், கரிச்சான் போன்ற கறுப்புப் பறவைகளின் நிழலைத் திரையில் பார்ப்பதைவிடச் சற்றுத் தூக்கியே அச்சுக்கு அனுப்ப வேண்டும். மீன்கொத்தியின் நீலம் அச்சு மையில் முழுதாக வராது, அதற்காகச் செறிவைக் கூட்டினால் ஊதாவாகிவிடும். பக்கத்தில் இடம் போதவில்லை என்று அரசவால் ஈப்பிடிப்பானின் வாலை வெட்டிவிட வேண்டாம். அந்தப் பறவைக்குப் பெயரே வாலால் வந்தது, இடமில்லாவிட்டால் அடுத்த வாரம் போடலாம். படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், எடுத்த விவரங்களும் அழிந்துவிடும். மின்னஞ்சலிலோ, வாட்ஸ்அப் என்றால் டாக்குமென்டாகவோ அனுப்பச் சொல்லி அறிவிப்பில் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

இரண்டு வரி எழுத உங்கள் அலுவலகத்தில் பறவை தெரிந்த ஒருவரும், படம் தெரிந்த ஒருவரும் வாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். இந்தப் பருவத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்திலேயே தொடங்கலாம். நத்தைக்குத்தி நாரைப் படங்கள் எப்படியும் நிறைய வரும், அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அலகின் இடுக்கைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
பறவைப் படம் எடுக்கும் ஒரு வாசகர்,
செங்கல்பட்டு.